மேடைக்குப் பின்னால் அல்காசி

இப்ராஹிம் அல்காசி 2020 ஆகஸ்ட் 4 அன்று தில்லியில் தமது 94-ஆம் வயதில் காலமானபோது நாட்டில் நாடக அரங்குகள் பூட்டிக் கிடந்தன. கொரோனாக் காலம், ஒத்திகைகூட நின்றுபோயிருந்தது. அந்த வாரம் வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போயின. நசீருத்தீன் ஷாவுக்கும் ஓம் புரிக்கும் ஆசான், கோட்டை இடிபாடுகளுக்கு நடுவே பாரதப் போரின் கடைசி நாளை நிகழ்த்திக் காட்டிய இயக்குநர், பத்ம விபூஷண் வரை விருது பெற்றவர். எதுவும் தவறில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் அவர் வாழ்க்கையின் நடுத்தூண் விடுபட்டுப்போகிறது என்பது என் எண்ணம். அல்காசி நல்ல இயக்குநர். அதைவிடப் பெரிய நிர்வாகி. கலைஞர் ஒருவரை நிர்வாகி என்று சொன்னால் நம் ஊரில் அது பாராட்டாகவே காதில் விழாது. ஃபைல் பார்க்கிறவர், ரசீது கிழிக்கிறவர் என்றுதான் நினைப்போம். அல்காசி தேசிய நாடகப் பள்ளியை நடத்திய 15 ஆண்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நாடகம் என்ற கலை இங்கே திரும்பத் திரும்ப எந்த இடத்தில் முறிகிறது என்பது பிடிபடும். அது முறிகிற இடம் பெரும்பாலும் மேடையில் இருப்பதில்லை.

இப்படிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நாடகம் நிகழ்ந்த இரவோடு போய்விடுகிற கலை. 1963-இல் தில்லி பெரோஸ் ஷா கோட்லா கோட்டையில் அல்காசி இயக்கிய 'அந்தா யுக்' நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இருக்கின்றன, அன்றைய விமர்சனங்கள் இருக்கின்றன, நடித்தவர்கள் சொல்லிவைத்த நினைவுகள் இருக்கின்றன. நினைவுகள் வயதாக ஆக மெருகு ஏறுகிறவை. ஆசானைப் பற்றிய நினைவென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே இயக்குநராக அவர் எவ்வளவு பெரியவர் என்ற கேள்விக்கு, அந்த நாடகங்களுக்குப் பிந்தி வந்த என்னைப் போன்றவர்கள் இரவல் பதிலைத்தான் சொல்லமுடியும். நிர்வாகியை மதிப்பிடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. அவர் தொடங்கியது நடக்கிறதா, அவரிடம் பயின்றவர்கள் தங்கள் ஊரில் போய் என்ன செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் இன்றும் விசாரித்துப் பார்க்கக்கூடியவை.

அல்காசி 1925 அக்டோபர் 18-இல் புனேயில் பிறந்தவர். தந்தை சவூதி அரேபியாவிலிருந்து வந்த வியாபாரி, தாய் குவைத்தைச் சேர்ந்தவர். வீட்டில் அரபி, வெளியில் ஆங்கிலமும் மராத்தியும். பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரிக்குப் படிக்க வந்த இடத்தில் சுல்தான் பதம்சீ என்ற இளைஞரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'பாபி' என்று எல்லோரும் அழைத்த அந்த மேதை இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட, அவருடைய சகோதரி ரோஷனை அல்காசி மணந்துகொண்டு லண்டன் போனார். ஓவியம் படிக்கப் போனவர் ராயல் அகாடமியில் நாடகம் படித்துத் திரும்பினார். அங்கேயே தங்கிவிட வாய்ப்பு இருந்தும் வந்துவிட்டார். வந்து, 1954-இல் 'தியேட்டர் யூனிட்' தொடங்கினார். இதுவரை கதை வழக்கமானதுதான். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கில நாடகம் போடுவது பம்பாய்க்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது அவர் கூடவே செய்த மற்ற வேலைகள். நாடகத்தைப் பற்றிப் படிக்க எதுவும் கிடைப்பதில்லை என்று ஒரு மாத இதழை நடத்தினார். நடிக்க வருகிறவர்களுக்கு முறையான வகுப்பு இல்லை என்று பயிற்சிப் பள்ளி வைத்தார். மராத்தி நாடகத்தின் பெரும் இயக்குநரான விஜயா மேத்தா அவரிடம் பயின்றவர். அரங்க வாடகை கட்டுப்படியாகவில்லை என்றதும் கம்பாலா ஹில்லில் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியையே அரங்காக்கி 'மேகதூத்' என்று பெயர் வைத்தார். ஹுசைன், சூசா, தையப் மேத்தா, அக்பர் பதம்சீ போன்ற ஓவியர்கள் அவருக்கு நண்பர்கள். அவர்களும் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள். அரசுப் பணம் கிடையாது. நாடகம் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பொதுவாகக் கதையைத் தேடுவார்கள், பிறகு நடிகரைத் தேடுவார்கள். அல்காசி இடத்தையும் வாசகரையும் பயிற்சியையும் தேடினார்; நாடகம் கடைசியில் வந்தது.

தேசிய நாடகப் பள்ளி 1959-இல் சங்கீத நாடக அகாடமியின் ஒரு பிரிவாகத் தில்லியில் தொடங்கப்பட்டது. 1962-இல் அல்காசி அதன் இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது 36. அரசு நிறுவனம் ஒன்று தொடங்கி மூன்று வருஷம் ஆனால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருந்தது. வந்ததும் அவர் செய்த முதல் காரியம் என்று மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது ஒரு கழிப்பறைக் கதை: நாற்றமடித்துக் கிடந்த கழிப்பறையைப் பார்த்தவர், யாரையும் கூப்பிடாமல் தாமே கழுவத் தொடங்கினார் என்பது. இதைக் காந்திய எளிமையாக எடுத்துக்கொண்டு உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது கணக்கு. கழிப்பறையைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகிய கண், மேடையில் கோணலாக நிற்கும் தூணையும் கடந்துபோகும். உடையில் தொங்கும் நூலையும் கடந்துபோகும். மூன்றாண்டுப் பயிற்சியில் மாணவர் நடிப்பு மட்டும் படித்தால் போதாது என்று அவர் வைத்த ஏற்பாடும் இதே வழியில் வந்ததுதான். தச்சு வேலை, விளக்கு கட்டுவது, ஒப்பனை, உடை தைப்பது, ஓவிய வரலாறு, கட்டடக் கலை எல்லாம் பாடம். உடை விஷயத்தில் ரோஷன் அல்காசியின் உழைப்பு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்த்து, பழங்காலத்தில் துணியை எப்படிச் சுற்றினார்கள், எங்கே முடிந்தார்கள் என்று ஆராய்ந்தவர். பண்டைய இந்திய உடைகள் பற்றிய அவருடைய புத்தகத்தை இன்றும் உடை வடிவமைப்பாளர்கள் புரட்டுகிறார்கள். நேரம் தவறி வந்தால் கதவு திறக்காது. பார்வையாளருக்கும் அதே சட்டம்தான். அதிகாரிகள் நிறைந்த தில்லியில் இது சின்ன விஷயமல்ல.

இந்தக் கறாரை வெள்ளைக்காரப் பள்ளியின் இறக்குமதி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தமிழ் நாடக வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வேறு ஒன்றையும் ஞாபகப்படுத்த வேண்டும். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாலர் சபையிலும், பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் நடத்திய கம்பெனிகளிலும் பையன்கள் ஒரே கூரையின் கீழ் தங்கினார்கள், ஒரே நேரத்தில் எழுந்தார்கள், பாட்டும் வசனமும் நடையும் பழகினார்கள், திரையும் தட்டியும் தூக்கினார்கள். வாத்தியார் சொல் வேதம். அல்காசியின் பள்ளி லண்டன் அகாடமியைவிட நம் பாய்ஸ் கம்பெனிக்குத்தான் நெருக்கம் என்று நான் சொல்வேன். அகாடமி நடிகரை உருவாக்கி வெளியே அனுப்பிவிடும்; அதற்கென்று ஏற்கெனவே ஒரு நாடகத் தொழில் அந்த ஊரில் நடந்துகொண்டிருக்கிறது. அல்காசிக்கோ கம்பெனிக்காரர்களுக்கோ அந்த வசதி இல்லை. பயிற்சி தர வேண்டும், பிறகு அந்தப் பயிற்சிக்கு வேலையையும் தாங்களே உண்டாக்கித் தர வேண்டும். வேறுபாடு பணத்தில் இருந்தது. கம்பெனி வசூலை நம்பி வாழ்ந்தது; சினிமா வந்து வசூல் விழுந்ததும் அதுவும் விழுந்தது. டி.கே.எஸ். சபையே 1950-இல் நிரந்தரக் கம்பெனியாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அல்காசிக்கு அரசு மானியம் இருந்தது. அந்தக் கம்பெனிகளை நடத்தியவர்களின் திறமையில் குறைவில்லை, அவர்கள் காலடியில் மானியம் என்ற தரை இல்லை.

அந்த மானியத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1964-இல் பள்ளியோடு இணைந்து ஒரு ரெப்பர்ட்டரி கம்பெனி உருவானது. பயிற்சி முடித்த நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு நடிக்கும் குழு. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அன்று நாட்டின் பெரும்பகுதியில் நவீன நாடகம் என்றால் பகலில் பாங்க் வேலை, மாலையில் ஒத்திகை. நடிகருக்கு மிச்சமிருக்கும் சக்தியில்தான் கலை. மனோகர் சிங், உத்தரா பாவ்கர், சுரேகா சீக்ரி போன்றவர்கள் வருஷக்கணக்கில் ஒரே குழுவில் இருந்து, இந்த மாதம் ஒரு மொழிபெயர்ப்பு, அடுத்த மாதம் ஒரு புதிய இந்தி நாடகம் என்று மாற்றி மாற்றி நடித்தார்கள். மனோகர் சிங் 'துக்ளக்' நாடகத்தில் துக்ளக்காக மேடையில் நின்ற தோரணையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்தக் குரலுக்கும் நடைக்கும் பின்னால் எத்தனை மாதச் சம்பளச் சீட்டு இருந்தது என்று எழுதியவர்கள் குறைவு. ஒரு வேஷத்தைப் பல ஆண்டு சுமந்து பழக ஒரு நடிகருக்கு வயிற்றுப்பாடு தீர்ந்திருக்க வேண்டும். அதைத் தீர்த்துவைத்தது அந்த ரெப்பர்ட்டரி.

இடம் பிடிப்பதிலும் அவர் வழி தனி. தரம்வீர் பாரதியின் 'அந்தா யுக்' ஒரு கவிதை நாடகம். குருக்ஷேத்திரப் போரின் பதினெட்டாம் நாள் மாலையில் தொடங்குவது. பம்பாயில் சத்யதேவ் துபே 1962-இல் அதை மேடையேற்றியிருந்தார். அல்காசி அடுத்த வருஷம் அதைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்குக் கொண்டுபோனார். 14-ஆம் நூற்றாண்டுச் சுல்தானின் சிதைந்த கோட்டை அஸ்தினாபுரமாயிற்று. நேரு வந்து பார்த்தார். சீனப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. வென்றவனும் தோற்றவனாக நிற்கும் அந்த நாடகம் தில்லிக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். எழுபதுகளில் புரானா கிலாவில் கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்'. காட்சியழகைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஒரு பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குள் நாடகம் போடுவதென்றால் என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தொல்லியல் துறையின் அனுமதி; சுவரில் ஆணி அடிக்காமல் விளக்கு கட்டும் வழி; மின்சாரம் இழுத்து வருவது; இருட்டில் மேடு பள்ளத்தில் மக்கள் விழாமல் நடக்கப் பாதை; மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பதில். இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. இவற்றைச் செய்ய மனமில்லாத இயக்குநருக்கு அந்தக் கோட்டை வெறும் கற்பனையாகவே இருந்திருக்கும். ரவீந்திர பவன் வளாகத்தில் ஒரு மரத்தைச் சுற்றி அவர் அமைத்த திறந்தவெளி அரங்குக்கும் 'மேகதூத்' என்றே பெயர். பம்பாய் மொட்டைமாடியின் பெயர் தில்லி மரத்தடிக்கு வந்துசேர்ந்தது.

சரி, அங்கே என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்று கேட்பவர்கள் உண்டு. சோபக்ளிஸும் ஷேக்ஸ்பியரும் மோலியரும் படித்து, நாற்காலி மேஜை வைத்த யதார்த்த நடிப்பில் தேறிய மாணவர்கள் நம் கூத்தையும் நௌடங்கியையும் யட்சகானத்தையும் தீண்டாமல் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. எழுபதுகளில் வேர்களைத் தேடிப் போவோம் என்று சுரேஷ் அவஸ்தி முதலியோர் பேசத் தொடங்கியபோது அல்காசி எதிர்த்தரப்பின் அடையாளமாகவே ஆனார். அதே லண்டன் அகாடமிக்குப் போன ஹபீப் தன்வீர் அதிலிருந்து விலகி வந்து, சத்தீஸ்கர் கிராமத்துக் கலைஞர்களை அழைத்து 'சரண்தாஸ் சோர்' செய்தார் என்பது இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி. இதில் உண்மை இருக்கிறது. அல்காசியின் சொந்த ரசனை ஐரோப்பிய ஓவியத்திலும் கிரேக்க நாடகத்திலும் ஊறியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் ரசனையையும் நிர்வாகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. அவர் தலைமையில்தான் அதே பள்ளியில் சாந்தா காந்தி 1965-இல் பாசனின் 'மத்யம வியாயோகம்' செய்தார், 1968-இல் குஜராத்தின் பவாய் வடிவத்தில் 'ஜஸ்மா ஓடன்' செய்தார். அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து கார்ல் வெபரும் ஃபிரிட்ஸ் பென்னெவிட்ஸும் வந்து பிரெக்டை மாணவர்களிடம் கொண்டுவந்தார்கள். தமக்கு வராததைப் பிறர் கற்றுக்கொடுக்க இடம் விட்டார். நல்ல இயக்குநர்களிடம் இந்தக் குணம் அபூர்வம். நல்ல நிர்வாகியிடம் இருந்தே தீர வேண்டும். அதைவிட முக்கியமான சாட்சி மாணவர்கள் போன திசை. குப்பி வீரண்ணா கம்பெனியில் வளர்ந்து, பள்ளிக்கு வந்து படித்த பி.வி. காரந்த் இசையோடு பின்னிய கன்னட நாடகத்துக்குத்தான் போனார். பிறகு போபாலில் ரங்கமண்டலும் மைசூரில் ரங்காயணமும் அவர் கையால் உருவாயின. ரத்தன் தியாம் இம்பாலுக்குத் திரும்பி 1976-இல் கோரஸ் ரெப்பர்ட்டரியைத் தொடங்கி, மணிப்புரியின் உடலையும் தாளத்தையும் கொண்டு உலகத்தோடு பேசினார். ஆசானின் மேடைப் பாணியை இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. குழு வேண்டும், அதற்கு இடம் வேண்டும், தினமும் பயிற்சி வேண்டும், எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழர்கள் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: தேசியப் பள்ளி என்று பெயர், நடந்தது இந்தியில். ஒரு தமிழ் மாணவர் அங்கே போனால் அவர் நாக்கு பாதி கட்டப்பட்டுவிடும். நடிப்பு மொழியில்தான் இருக்கிறது. உச்சரிப்புக்கு மல்லுக்கட்டும் நடிகரால் உணர்ச்சியைக் கவனிக்க முடியாது. நாடெங்கும் வசூலான வரிப்பணத்தில் நடந்த நிறுவனம் ஒரு மொழியின் நாடகத்துக்கு மட்டும் ரெப்பர்ட்டரி கொடுத்தது அநியாயம்தான்; இதற்கு அல்காசியின் சார்பில் என்னிடம் பதில் இல்லை. அவர் காலத்திலேயே சென்னையிலும் கல்கத்தாவிலும் கிளைகள் எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் அங்கே படித்த தமிழர் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சே. ராமானுஜம் அங்கே பயின்று, திரும்பி வந்து மலையாளத்திலும் தமிழிலும் வேலை செய்தார். ஜி. சங்கரப் பிள்ளையோடு கேரளத்தின் நாடகப் பள்ளியில் கற்பித்தார், பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். 1977-இல் காந்திகிராமத்தில் அவரைப் போன்றவர்கள் நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்தின் ஒரு திருப்பம் என்பதில் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். அதற்கு முன் நம்மிடம் நாடகம் எழுதுகிறவர்கள் இருந்தார்கள், நடிக்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். சில வாரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்து, உடலையும் குரலையும் மேடையையும் வரிசையாகப் பழகுவது என்ற ஏற்பாடு இல்லை. தில்லியிலிருந்து வந்தது அந்த ஏற்பாடு. இந்தியில் படித்ததைத் தமிழில் நடத்த அதில் தடை ஏதும் இல்லை.

இதற்குப் பக்கத்தில் நம் ஊர் நிலைமையை வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது இன்னும் துலங்கும். சென்னையில் நாடகத்தின் நிர்வாகி என்றால் அவர் சபா செயலாளர். உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி, மாதத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று தருபவர். அவரிடம் தேதி வாங்கினால்தான் குழுவுக்கு மேடை. மோசமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. சபாக்கள் இல்லாவிட்டால் பல குழுக்கள் எப்போதோ கலைந்திருக்கும். ஆனால் சபா நாடகத்தை வாங்கியது, வளர்க்கவில்லை. ஒத்திகைக்கு இடம், நடிகருக்குப் பயிற்சி, தோற்றுப்போக அனுமதி, இவை அதன் கணக்கில் வரவே இல்லை. உறுப்பினர் சிரித்தாரா என்பது வந்தது. மறுபுறம் நவீன நாடகக்காரர்கள். எண்பதுகளில் சென்னையிலும் மதுரையிலும் அவர்களுடைய நாடகங்களைப் பார்த்துப் பழகியவர்களின் நினைவில் மேடையோடு சேர்ந்து அதன் சுற்றுப்புறமும் இருக்கும்: மணிக்கணக்கில் வாடகை பேசிய விளக்குகள், கடைசி நேரத்தில் மாறிய அரங்கு, அறிவித்த நேரத்துக்குப் பிறகும் திறக்காத கதவு, முன்வரிசையில் சக நாடகக்காரர்கள், பின்வரிசையில் காலி நாற்காலி. அரிய பிரதிகள் இரண்டு மூன்று காட்சிகளோடு நின்றுபோயின. விதிவிலக்கு கூத்துப்பட்டறை. ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதி கிடைத்த காலத்தில் ந. முத்துசாமியால் முழுநேர நடிகர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. பசுபதியும் கலைராணியும் அங்கே உருவானவர்கள். அங்கே கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதிகூட நடிகராகி வெளியே வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரு நாடகக் குழுவுக்குக் கணக்கர் தேவைப்பட்டதே தமிழ்நாட்டில் அதிசயம் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போய்விட்டார்களே, பிறகு நாடகப் பள்ளி எதற்கு என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். போனவர்களின் பெயர் நமக்குத் தெரிவது சினிமாவால். இம்பாலுக்கும் மைசூருக்கும் சண்டிகருக்கும் திரும்பிப் போனவர்களை நாம் திரையில் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தவிரவும், தில்லியில் 30 பேர் கொண்ட ஒரு ரெப்பர்ட்டரி இருந்தால் 31-ஆவது ஆள் பம்பாய்க்கு ரயில் ஏறத்தான் செய்வார். மாநிலத்துக்கு ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதே பொருத்தம்.

மிகக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அல்காசி சர்வாதிகாரி. அவரை நேசித்தவர்களும் இதை மறுத்ததில்லை. நசீருத்தீன் ஷா தம் சுயசரிதையில் அவரைப் பற்றி எழுதும்போது பக்தியும் உரசலும் கலந்தே வருகின்றன. பாடத்திட்டம் அவருடையது, நாடகத் தேர்வு அவருடையது, மேடை அமைப்பும் பெரும்பாலும் அவருடையது. எழுபதுகளின் நடுவில் மாணவர்களின் எதிர்ப்பு வளர்ந்தது. 1975-இல் பள்ளி தன்னாட்சி நிறுவனமாகியும் பூசல் அடங்கவில்லை. 1977-இல் அவர் விலகினார். விலகியவர் அந்த வருஷமே ரோஷனோடு சேர்ந்து திரிவேணி கலா சங்கமத்தில் 'ஆர்ட் ஹெரிடேஜ்' ஓவியக் கூடத்தைத் தொடங்கினார், பிறகு பழைய இந்தியப் புகைப்படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 19-ஆம் நூற்றாண்டு லக்னோவின் படங்கள் உட்படப் பல்லாயிரம் படங்கள் கொண்ட அந்தச் சேகரிப்பு இன்று ஆய்வாளர்களுக்குச் சுரங்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருமுறை ரெப்பர்ட்டரிக்குத் திரும்பி வந்து நாடகங்கள் இயக்கியதைத் தவிர, பள்ளியின் பக்கம் அதிகாரத்தோடு அவர் வரவில்லை. ஒரு கதவு சாத்தியதும் வேறொரு கட்டடம் கட்டப் போய்விடுவது அவர் சுபாவம். ஆனால் ஆட்சேபம் அதனால் தீர்ந்துவிடாது. தனி மனிதர் ஒருவரின் கண்டிப்பில் நிற்கும் நிறுவனம், அவர் போனதும் சரியத்தானே வேண்டும்? சரிந்தால் அவரை நிர்வாகி என்று எப்படிச் சொல்வது?

பள்ளியின் பிற்கால வரலாற்றில் சரிவுகள் உண்டு. இயக்குநர்கள் சில ஆண்டுகளில் மாறினார்கள். அவரைப்போல் 15 ஆண்டு யாரும் அந்த நாற்காலியில் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுக்கே. அவர் தம் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாதவர் என்பதையும், வாரிசு ஒருவரைத் தயார் செய்யவில்லை என்பதையும் அவருடைய நிர்வாகத்தின் பெரிய ஓட்டையாகவே எழுதிவைக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பின் வந்தவர் பி.வி. காரந்த், அவருடைய மாணவர், குணத்தில் நேர் எதிர். காரந்திடம் ஒழுங்கைவிட ஹார்மோனியம் அதிகம். ஆசானின் பாடத்திட்டத்தில் மாற்ற விரும்பியதையெல்லாம் மாற்றினார். மாநிலங்களின் மரபு வடிவங்களை உள்ளே அழைத்தார். பள்ளியைத் தில்லிக்கு வெளியே பட்டறைகளாகக் கொண்டுபோனார். அல்காசியின் அழகியலில் பாதியாவது அந்த நான்கைந்து ஆண்டுகளில் கலைந்துபோனது. அடுத்தடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களில் மோகன் மகரிஷி, ரத்தன் தியாம், கீர்த்தி ஜெயின், ராம் கோபால் பஜாஜ் என்று பலரும் அவரிடம் படித்தவர்கள். ஒருவர் நாடகம் இன்னொருவர் நாடகம்போல இருக்கவில்லை. இத்தனை கலைப்புக்கும் நடுவில் வகுப்புகள் நடந்தன, ரெப்பர்ட்டரி கலைக்கப்படவில்லை, அல்காசி இல்லாத அந்த முதல் மாதத்திலும் நடிகர்களுக்குச் சம்பளம் போனது.